அச்சணந்தி அடிகளும் துன்பத்தின் வினாவும்

தேனி மாவட்டத்துச் சின்னமனூரை வரலாறு பயின்றோர் செப்பேடுகளால் அறிவர். சுருளியாறு பாயும் அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரண்டனுள் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. வடமொழியும் தமிழுமாகப் பொறிக்கப்பெற்ற அதில் பாண்டியர் குலம் திங்களினின்று தோன்றியதும், அகத்தியர் அக்குலத்திற்குக் குருவானதும், மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பெற்றதும், மதுரையில் சங்கம் வைத்ததும், முன்னோர் வென்ற போர்களும் அடுக்கடுக்காகக் கூறப்படுகின்றன. இவையனைத்தும் தெய்வத்தின் திருவுளப்படியே நடந்தன என்னும் எண்ணம் அவ்வேடு முழுவதும் ஊடுருவி நிற்கிறது. ஆனால் அதே மன்னன் பின்னர் முதற்பராந்தக சோழனிடம் தோற்று, குலமுடியையும் அணிகலன்களையும் இலங்கையில் விட்டுவிட்டுச் சேரநாடு சென்றான். வெற்றிக்குத் தெய்வத்தைச் சான்றாக அழைத்த குலம், தோல்விக்கு யாரைச் சான்றாக அழைத்திருக்கும்?

சின்னமனூருக்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் உள்ளது உத்தமபாளையம். அங்குக் கருப்பணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு இக்குன்றைத் திருக்குணகிரி எனக் குறிக்கிறது. திருமேனிகளை ஒட்டி வட்டெழுத்தில் சில பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி. அடைமொழிகளோ குலப்பெருமையோ வெற்றிச் சிறப்போ அங்கு இல்லை. இன்னார் செய்வித்தது என்னும் அளவோடு எழுத்து நின்றுவிடுகிறது. செப்பேடு அரசனுடையது; இப்பாறை ஒரு துறவியுடையது. இத்துறவியின் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிதல் நலம் என்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

ஆரியநந்தி என்னும் பெயரே பிராகிருத வழக்கில் அஜ்ஜணந்தி ஆகித் தமிழில் அச்சணந்தி ஆயிற்று என்பர். சீவக சிந்தாமணியில் சீவகனுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியர் பெயரும் அச்சணந்தி என்பதால், பள்ளியில் காப்பியம் படித்த சிலர் இருவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்கின்றனர். அவர் காப்பிய மாந்தர். இவர் எழுத்தமைதி கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டினர் என்று அறிஞர்கள் கணிக்கும் மெய்யான துறவி. மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கொங்கர் புளியங்குளம், மேலூரை அடுத்த கருங்காலக்குடி, பழனிப் பக்கத்து ஐவர்மலை, நெல்லைச் சீமையின் ஏருவாடி, குமரி மாவட்டத்துச் சிதறால் ஆகிய இடங்களிலெல்லாம் அவர் பெயர் காணப்படுகிறது. வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் கன்னட எழுத்தில் உள்ள அஜ்ஜணந்தி இவரே என்பாரும், வேறொருவர் என்பாரும் உளர். சிதறாலில் இவர் பெயரோடு நம் திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்த வீரணந்தி என்னும் துறவியின் பெயரும் உண்டு. அப்பாண்டைநாதரை வணங்கும் குடும்பத்தார் இதனை அறிந்து மகிழ்வர். தென்னார்க்காட்டு முனிவர் ஒருவர் குமரிமுனைப் பக்கம் வரை அறம் உரைக்கச் சென்ற காலம் அது.

அடிகள் சென்ற வழிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திகம்பர முனிவருக்கு ஊர்தி இல்லை. மயிற்பீலியும் கமண்டலமுமே உடைமை. மழைக்காலம் நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குதல் தவிர, மற்றைக் காலமெல்லாம் நடை. நாளுக்கு ஒருவேளை, இல்லறத்தார் வாசலில் நின்றபடியே கைகளில் ஏந்தி உண்ணுதல். இவ்வாறு உண்பவர் ஊர்மக்களின் துன்பத்தை அறியாதிருத்தல் இயலாது. பிணியுற்ற குழந்தை கிடக்கும் வீட்டிலும், போருக்குச் சென்ற மகன் திரும்பாத வீட்டிலும் அவர் நின்றிருப்பார். அத்தகைய வீடுகள் அந்நூற்றாண்டில் பல. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் இலங்கை மேற்படை செலுத்தினான். அதற்கு மாறாக 862ஆம் ஆண்டளவில் சிங்கள வேந்தன் சேனனின் படை மதுரையைச் சூறையாடியது. அடுத்து அரியணை ஏறிய வரகுணன் திருப்புறம்பியப் போரில் பல்லவரிடமும் அவர்தம் துணைவரிடமும் தோற்றான். செப்பேடுகள் மன்னர் பெயர்களைக் கூறும். அடுப்பு எரியாத வீடுகளை எண்ணுவதில்லை. அதே வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது 870இல், ஐவர்மலையில் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்து, அதற்கு 505 காணம் பொன்னும் வைத்தார். நாடு போரால் நலிந்திருந்தபோது நம் முனிவர்கள் செய்துகொண்டிருந்த செயல் இது.

அவர்கள் தோள்மேல் மற்றொரு சுமையும் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்ததும், பாண்டியன் நெடுமாறனின் வெப்புநோய் நீங்கியதும், அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்ந்ததும், தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதும் பெரியபுராணம் படித்தோர் யாவரும் அறிந்தவை. அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. நம் பண்டை நூல் எதிலும் அக்கொடுமையைப் பற்றிய குறிப்பு இல்லை. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அதனை வரலாறாகக் கொள்ளவில்லை, மயிலை சீனி. வேங்கடசாமியார் போன்றோர் சமயப் பூசலின் கடுமையை வலியுறுத்தினர். எண்ணிக்கை எவ்வாறாயினும், அரசரின் ஆதரவு குறைந்ததும், பல பள்ளிகள் கைமாறியதும் உண்மை. நம்மை மிகவும் உறுத்துவது, அக்கதை சொல்லப்படும் முறையே. அத்தனை பேரின் துடிப்பும் இறைவன் திருவிளையாடலின் ஒரு பகுதியாக, நன்மையின் வெற்றியாகப் பாடப்பட்டு, திருவிழாவாகவும் நடிக்கப்பட்டு வந்துள்ளது. துன்பம் ஒரு பெருந்திட்டத்தின் பகுதி என்று கொண்டால், துன்புற்றவரின் அலறலுக்கும் ஓர் அழகு கற்பிக்கப்பட்டுவிடும். பிறகு எவரும் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இது நம் நாட்டில் மட்டும் எழுந்த சிக்கல் அன்று. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கிறித்துவப் பெருவிழாவன்று, லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தபோது, தேவாலயங்களில் கூடியிருந்தோரே பெருமளவில் மாண்டனர். எல்லாம் நன்மைக்கே என்று கூறிய தத்துவத்தைப் பிரெஞ்சு அறிஞர் வால்டேர் கடுமையாகச் சாடினார். 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, அரிசன நலப் பயணமாகத் தமிழகத்தில் இருந்த காந்தியடிகள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். இரவீந்திரநாத் தாகூர் அதனை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமையை எதிர்ப்பதில் இருவரும் ஒன்றே. ஆனால் இடிபாட்டில் சிக்கிய பச்சிளங்குழந்தை எவருடைய பாவத்திற்கும் பாடமாக ஆக்கப்படலாகாது என்பதில் நம் மனம் தாகூர் பக்கமே சாய்கிறது. காந்தியடிகளிடம் நாம் கொண்ட மதிப்பு இதனால் குறைவதில்லை.

நம் சமயம் இவ்வினாவைத் தொடக்கத்திலேயே வேறுவிதமாக அமைத்துக்கொண்டது. உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை நாம் ஏற்பதில்லை. அச்சணந்தி அடிகளின் நூற்றாண்டிலேயே, இராட்டிரகூட நாட்டில் வாழ்ந்த ஜினசேனாசாரியார் தம் மகாபுராணத்தில் படைப்புக் கடவுட் கொள்கையை ஒவ்வொரு காரணமாக எடுத்து மறுத்தார். கருணையுள்ளவன் படைத்தான் எனின் துன்பம் எங்கிருந்து வந்தது என்பதும் அவர் எழுப்பும் தடைகளுள் அடங்கும். அவருடைய மாணவர் குணபத்திரர் நிறைவு செய்த அப்பெருநூலின் வழியாகவே நம் இல்லங்களில் படிக்கப்பெறும் ஸ்ரீபுராணம் எழுந்தது. திட்டமிடுவோன் இல்லையெனின் திட்டமும் இல்லை. அருகன் துன்பத்தைத் தருபவனும் அல்லன். வேண்டினால் நீக்குபவனும் அல்லன். கடந்து சென்றவன், வழிகாட்டியவன். ஆகவே, கடவுள் ஏன் இதைச் செய்தார் என்று நம் தாய்மார் கதற வேண்டியதில்லை.

இவ்வளவில் நாம் பெருமை கொண்டு நின்றுவிடலாம். ஆனால் நம்மிடமும் ஒரு குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் உறவில் ஓர் இளந்தாய் தன் மூன்று வயதுக் குழந்தையைக் காய்ச்சலில் இழந்தாள். துக்கம் விசாரிக்க வந்த அயல் வீட்டார் ஆண்டவன் சித்தம் என்றனர். நம்மவரோ, முற்பிறப்பில் செய்த வினை, யார் என்ன செய்ய முடியும் என்றனர். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பெண் எழுந்து உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று கூடத்தில் அமர்ந்திருந்த நமக்கு, முதலில் சொன்னதைவிட இரண்டாவது கொடியதாகப்பட்டது. முதலது கடவுளைக் குற்றவாளி ஆக்குகிறது, அவர் தாங்கிக்கொள்வார். இரண்டாவது அந்தத் தாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

வினைக்கொள்கை இதற்காகவா வகுக்கப்பட்டது? உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்தைப் பயின்றோர் அதன் ஆறாம் அத்தியாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். துன்பம் தரும் அசாதா வேதனீய வினை எவ்வாறு நம்மிடம் வந்து சேர்கிறது என்று அங்கு விளக்கப்படுகிறது. தனக்கோ பிறர்க்கோ துயரமும் வருத்தமும் அழுகையும் விளைவித்தல் அதற்கு வாயில். எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் இன்பம் தரும் வினைக்கு வாயில். எனவே, அழுகின்றவளிடம் உன் வினை என்று சொல்லி மேலும் அழச் செய்தவர், அவள் வினையை விளக்கியவர் அல்லர். தம் வினையைப் பெருக்கிக்கொண்டவர். அதே நூலின் ஐந்தாம் அத்தியாயம் உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதை உயிர்களின் இயல்பாகவே கூறிவிடுகிறது. வினையைப் பற்றிய அறிவு, நம் துன்பத்தை நாம் பொறுமையோடு தாங்கவும், நம் செயலை நாம் திருத்தவும் தரப்பட்டது. அடுத்த வீட்டாரின் கணக்கைப் பார்க்கத் தரப்பட்டதன்று. கேவல ஞானம் பெறாத நாம் எவருடைய முற்பிறப்பைக் கண்டோம்?

திருக்குணகிரியின் பாறைக்கு மீண்டும் வருவோம். அங்குள்ள திருமேனிகளுள் பாம்பின் படம் கவிந்த பார்சுவநாதர் உண்டு. அடிகள் நடந்த பாண்டி நாட்டுக் குன்றுகளில் இப்பெருமானுக்குத் தனிச் சிறப்பு இருந்தது. அவர் கதையை நம் குழந்தைகளும் அறிவர். எனினும் நம் பொருளுக்கு வேண்டுமளவு நினைவூட்டுகிறோம். முற்பிறப்பொன்றில் அவர் மருபூதி. கமடன் அவர் தமையன். தம்பியின் மனைவியிடம் தகாது நடந்ததற்காக நாடு கடத்தப்பட்ட கமடன் தவவேடம் பூண்டான். அவனிடம் பொறுத்தருளுமாறு வேண்டிக் காலில் விழுந்த மருபூதியின்மேல் அவன் பாறையைத் தூக்கிப் போட்டுக் கொன்றான். பகை பிறவிதோறும் தொடர்ந்தது. கடைசிப் பிறவியிலும் தியானத்தில் நின்ற பெருமான்மேல் அவன் பெருமழையையும் பாறைகளையும் பொழிந்தான். முன்பு தவசி ஒருவன் பிளந்த கட்டையினுள் வெட்டுண்டு கிடந்த பாம்பிணைக்குப் பெருமான் இறுதி நேரத்தில் அமைதி தந்திருந்தார். அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்து வந்து குடை கவித்துக் காத்தன. கழுகுமலைப் பாறையில் கமடன் பாறையைத் தூக்கி நிற்கும் தோற்றத்தை இன்றும் காணலாம்.

இக்கதையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. மருபூதி தன் வினைப்பயனால்தான் மாண்டான் என்று கூறிக் கமடனை நம் புராணம் விடுவிக்கவில்லை. அடிபட்டவனின் வினை ஒன்று. அடித்தவனின் குற்றம் மற்றொன்று. கமடன் நரகம் புகுந்தே தீர்ந்தான். அடுத்து, பெருமான்மேல் மழை பொழிந்தபோது, அது அவர் வினை, கழியட்டும் என்று தரணேந்திரன் வாளா இருக்கவில்லை. பெருமானுக்கு அக்குடை வேண்டியிருந்ததா என்று கேட்டால் வேண்டியதில்லை என்பதே நம் ஆசாரியர் கருத்தாகும். ஆயினும் நன்றியுள்ள உயிர் குடை பிடித்தது. அக்குடையைச் சிற்பிகள் பெருமானை விட்டுப் பிரிக்கவே இல்லை.

அச்சணந்தி அடிகள் இப்பொருள்பற்றி எழுதிய நூல் எதுவும் நமக்கு எட்டவில்லை. அவர் செயல்களே அவருடைய உரை. தம் சமயத்தார் மனம் சோர்ந்திருந்த காலத்தில் அவர் சென்ற இடங்களில் ஒன்றிலேனும் பழித்துரையோ வசையோ பொறிக்கப்படவில்லை. அநீதி இழைத்தோரைச் சபிக்கவும் இல்லை. துன்புற்றோரைக் கடிந்துரைக்கவும் இல்லை. ஊருக்கு ஒரு பாறையைத் தேர்ந்து, அமைதியே உருவான ஒரு முகத்தை அங்கே நிறுத்திவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். துன்புற்ற ஒருவர் வந்து அமர்ந்தால் அந்த முகம் விளக்கம் எதுவும் கூறாது. இதனை அடிகளின் விடை என்று நாம் கொள்கிறோம். மாற்றுக் கருத்துடைய அறிஞர்கள், அவர் செய்தது சமயப் பரப்பலே என்று கூறக்கூடும். அவ்வாறும் இருக்கலாம், இரண்டும் ஒரே உளியால் இயலாதவை அல்ல.

அவர் உழைப்புக்கு மாற்றுச் சமயத்தாரும் துணைநின்றனர் என்பதற்கு ஆனைமலை சான்று. சம்பந்தர் பாடல்களில் சமணர் குன்றாகச் சுட்டப்பெறும் அம்மலையிலேயே, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தார். அடுத்த நூற்றாண்டில் அதே மலையில் அச்சணந்தி அடிகளும் பிறரும் செய்வித்த திருமேனிகளுள் சிலவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் நரசிங்கமங்கலத்துச் சபையார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பெருமாளை வணங்கிய ஊரார் அருகனைக் காத்தனர். கழுவேற்றக் கதையை ஆயிரம் முறை கேட்டவர்கள் இச்செய்தியை ஒருமுறை கூடக் கேட்டதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாமாவது சொல்லித் தருவோம்.

இனி அடிகளின் அன்னையார். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையில், பேச்சிப்பள்ளம் என்னும் பகுதியில், சுனைக்கு மேலே பாறையில் எட்டுத் திருமேனிகள் உள்ளன. பாகுபலியும் அங்கு உண்டு. அவற்றுள் ஒன்றை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று வட்டெழுத்துக் கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தாயின் பெயர், அரசியாக இல்லாமலே, கல்லில் நிலைத்துள்ளது. குணமதி என்னும் பெயர் சூட்டப்பெற்ற பெண்கள் நம் குடும்பங்களில் இருப்பின், இதனை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மகனைத் துறவுக்குத் தந்த தாய்க்கும் மகனைச் சாவுக்குத் தந்த தாய்க்கும் வேற்றுமை உண்டு. எனினும் முதலவளுக்கும் வீடு வெறிச்சிட்டது உண்மையே. அந்தத் தாய் தன் வெறுமையை யார் திட்டம் என்றும் எவர் வினை என்றும் பாறையில் எழுதவில்லை. மகன் ஊர்தோறும் செய்துவந்த செயலையே தாமும் ஒருமுறை செய்து, தம் பெயரை மகன் பெயரோடு சேர்த்து நிறுத்தினார். கழுகுமலையில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பலர் திருமேனி செய்வித்துள்ளனர். அவர்களைப் பற்றிப் பெருமையோடு பேசும் நாம், ஆசிரியையாக அன்றித் தாயாக மட்டுமே தம்மைக் குறித்துக்கொண்ட இவ்வம்மையாரையும் அவர்களோடு வைத்து வணங்குகிறோம்.

மதுரைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் ஆனைமலையும் சமணர்மலையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். இன்னும் ஒருநாள் ஒதுக்கிக் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் செல்லலாம். தேனியிலிருந்து சின்னமனூர் வழியாக உத்தமபாளையத்திற்குப் பேருந்துகள் உண்டு. வழியெங்கும் நெல்வயல்களும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தல்களுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. பாறையிலுள்ள எழுத்துகளைப் படிப்பதற்காகச் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பது சிலரிடம் பழக்கமாகி வருகிறது. அருள்கூர்ந்து அதனைத் தவிர்க்கவும். எண்ணெய் பூசுவதும் கூடாது. கருப்பணசாமியை வழிபட வரும் ஊர்மக்களிடம் முதலில் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சென்றால், எந்தத் திருமேனி எங்குள்ளது என்று அவர்களே முன்வந்து காட்டுவர். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.